நான் மாத்திச் சொன்னது

உக்காருங்க, எல்லாரும் செத்த உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க! உங்களத்தான், வெளிய பெஞ்சுல இருக்கறவுங்கள. உள்ள டாக்டரம்மாவுக்குக் காது கேக்க வாணாமா? இருங்க மேடம், கதவச் சாத்திட்டு வர்றேன். ம்... ஆச்சு. பிலோமினா, நீ இப்பிடி ஃபேனுக்குக் கீழ வா. இதான் மேடம் என் வூட்டுக்காரி. சொன்னேன் பாருங்க, சுனாமி வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது, ஆமா, இல்ல, அவ்ளோதான். வேற வாயே தொறக்க மாட்டேங்குறா. எங்க பொண்ணு போனதுலேர்ந்து. ஆறு வயசு. இசைவாணின்னு பேரு.

என்னாது? நான் வெளிய இருக்கணுமா? இருக்கேன், இருக்கேன், ஒரே நிமிஷம். இவளுக்கு எந்த வைத்தியம் ஒத்து வரும்னு நான் சொன்னாதான உங்களுக்குத் தெரியும்?

சிரிக்காதீங்க மேடம். இந்த மனசு வைத்தியத்துல நான் அனுபவஸ்தன். வேன் ஓட்டுறவன்தான், அஞ்சாவது ஃபெயிலு. ஆனா இந்தச் சிதம்பரம் கோயிலுக்கு வெள்ளக்காரங்கள ஏத்தியாந்து ஏத்தியாந்து இங்கிலீசு வந்து ஒட்டிக்கிச்சு. கவுன்சிலிங் குடுக்க வெளிநாட்டுலேர்ந்து கடலூருக்கு வந்தாங்கல்ல, தேவனாம்பட்டினத்துல அவுங்களுக்கு டிரைவரும் இந்த ஆரோக்கியராஜ்தான், வாயும் இந்த ஆரோக்கியராஜ்தான். அவுங்க சொல்றத நான் சனங்களுக்குத் தமிழ்ல சொல்லணும்.

மொத வந்தவரு ஒட்டடக்குச்சி மாரி ஒசரம். கொரலு எப்பிடின்னா, க்ளோஸ்ஸ் யுவர் ஐய்ஸ்ஸ்... பஞ்சரான டியூபு! கண்ண மூடிக்க, கடக்கரையில நிக்கிற, அலை மெதுவா வருது, மெதுவா போவுதுன்னாரு. யாருகிட்ட? நம்ப சடையப்பன்கிட்ட! கூடப் பொறந்த தம்பியையும் படகையும் கடலுக்குக் குடுத்துட்டு நிக்கிறவன்கிட்ட. அப்பிடியே சொன்னா அந்தாள வலையில சுருட்டி வுட்டிருப்பான். நான் மாத்திட்டேன். சடையப்பா, பண்ருட்டிப் பலாத்தோப்புல படுத்திருக்க, காத்து வருது, போவுதுன்னேன். அஞ்சே நிமிஷம். கொறட்ட! ஒரு மாசமாத் தூங்காதவன் மேடம். வெள்ளக்காரரு என் கையப் புடிச்சிக் குலுக்குறாரு.

அடுத்து ஒரு அம்மா. காலி நாற்காலியப் போட்டு, செத்தவுங்க அதுல உக்காந்திருக்கறதா நெனச்சிக்கிட்டு மனசுல உள்ளதப் பேசுன்னாங்க. புருசனப் பறிகுடுத்த இருசம்மா நாற்காலியப் பாக்குது, என்னப் பாக்குது, பேச்சே வரல. எப்பிடி வரும்? அது புருசன் ஆயுசுல நாற்காலியில உக்காந்தவனா? மீன் பொட்டியக் கவுத்துப் போட்டுல்ல உக்காருவான்! ஓடிப் போயி ஒரு பொட்டியக் கொண்டாந்து கவுத்தேன். அவ்ளோதான். அடப்பாவி, என்ன வுட்டுட்டுப் போயி மகராசன் மாரி குந்தியிருக்க பாருன்னு ஆரம்பிச்சு, ஒரு மணி நேரம், காது குடுத்துக் கேக்க முடியாது. அந்தம்மா என்னா சொல்றாங்கன்னு என்னக் கேக்குறாங்க. ஷி லவ் ஹிம் வெரி மச்சுன்னுட்டேன்.

இன்னொருத்தரு நோட்டு குடுத்தாரு. என்னா நெனப்பு வருதோ அத எழுதி, அது நூத்துக்கு எவ்ளோ நெசம்னு மார்க்குப் போடணும். தாலுக்கா ஆபீசு கிளார்க்கு இளவரசுக்கு அது தோதுப்பட்டுச்சு. ஸ்கேலு வெச்சுக் கோடு போட்டு எழுதுனாரு, தெளிஞ்சிட்டாரு. அதே நோட்டச் சடையப்பன்கிட்டக் குடுத்தா கிழிச்சுப் பீடி பத்த வெப்பான். ஆளப் பாத்துல்ல குடுக்கணும்?

இவளுக்கா? அதுக்குத்தான் வர்றேன். இந்த ஃபேனு ஏன் மேடம் இப்பிடிக் கத்துது? நிறுத்திடட்டா? சரி, இருக்கட்டும். நான் நின்னுக்கறேன், உக்காந்தா ஒரு மாரி இருக்குது.

அந்த நாற்காலிக்கார அம்மா எங்க வூட்டுக்கும் வந்தாங்க. பாப்பா அன்னிக்கு எப்பிடிக் கடக்கரைக்குப் போச்சு, சொல்லிட்டுப் போச்சான்னு இவகிட்டக் கேக்கச் சொன்னாங்க. நான் மாத்திட்டேன். சாப்ட்டியான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னா. ஷி டோண்ட் நோன்னு சொல்லிட்டேன்.

ஏன்னா மேடம்... கிறிஸ்துமஸுக்கு மறுநாளு. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க கடக்கரைக்குப் போவுதுங்க, இதுக்கும் போவணும். இருமலு ஜாஸ்தியா இருக்குது, போவக்கூடாதுன்னு இவ எழுந்ததுமே சொல்லிட்டா. புள்ள வாசப்படியில நின்னுக்கிட்டு, அம்மா போவட்டா, அம்மா போவட்டான்னு ஒரே தொணதொணப்பு. இவ அடுப்பங்கரையில. நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, சும்மா வெளயாட்டுக்கு மேடம், இவ கொரல்ல... சரி, போய்ட்டு வாடி, உசுர வாங்காதன்னேன். ஓடிடுச்சு.

அடக்கத்துக்கு வந்த சனமெல்லாம், அம்மா பேச்சக் கேக்காத புள்ள, அதான் இப்பிடி ஆச்சுன்னு பேசுச்சு. இவ என்னயப் பாத்தா. நான் வாயத் தொறக்கல. நானு! அன்னிக்கு நின்னதுதான் இவ பேச்சு. புள்ள அம்மா சொன்னதா நெனச்சுத்தான் போச்சு, அதுமேல தப்பு இல்லன்னு நீங்க பக்குவமா இவகிட்ட எடுத்துச் சொல்லணும். அதுக்குத்தான் கூட்டியாந்தேன். நான் சொன்னா... அடடா. சொல்லிட்டேன்ல?

பிலோமினா? என்னா? என்னா சொன்ன? நான் என்னிக்கு உன் கொரல்ல ஒழுங்காப் பேசியிருக்கேன்னு கேக்குறியா? அப்பன்தான்னு தெரிஞ்சு, வாயப் பொத்திச் சிரிச்சிக்கிட்டேதான் அவ ஓடுனாளா? நீ அடுப்பங்கரை ஜன்னல்ல பாத்துக்கிட்டா இருந்த? நீயும் சிரிச்சிக்கிட்டா இருந்த?