பிரியாணி இல்லாத கல்யாணம்

எங்கே நாற்காலி போட்டாலும் நடுநாயகமாக அமர்ந்துவிடும் நம் கோயில் தலைவர் அவர்களே! வெற்றிலையால் வாய் சிவந்த பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

பந்தலின் கடைசியில் ஓர் அண்ணன், 'பிரியாணி எங்கே?' என்கிறார். சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் மணமகளின் தாய்மாமன் மேடையேறியிருக்கிறேன்.

என் மருமகள் பிரசாந்தினி உயர்தரப் பரீட்சை முடித்த வருடம், பதுளையில் ஒரு கணினி நிலையம் முளைத்தது. 'படித்தால் வேலை உறுதி' என்று பலகை. வங்கியில் கடன் வாங்கினோம். பிணைக் கையெழுத்து போட்ட பெருமான் அடியேன்தான். அவள் படித்து முடித்தாள். நிலையமோ மூடிக்கொண்டது. இன்று அந்த இடத்தில் கோழிக்கடை! வேலை உறுதியானது யாருக்கு? கோழி வெட்டுபவருக்கு!

பிள்ளை சோர்ந்தாளா? ஜுனைதீன் முதலாளியின் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் பாதி வங்கிக்குப் போனது. வரன் வந்தால், கடன் என்ற சொல் கேட்டதும் வாசலோடு போனது. ஆகவே ஹல்துமுல்லையிலிருந்து ரஜீவ் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, வாயைத் திறக்காதே என்று நாங்கள் அத்தனை பேரும் அவளுக்குப் புத்தி சொன்னோம்.

மாப்பிள்ளையின் தாயார் நகையைப் பற்றி விசாரித்தார். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு இவள் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நகை இல்லைங்க. படிச்ச கடன்தான் இருக்கு. இன்னும் மூணு வருசம் கட்டணும்."

சம்பந்தி செருப்பைத் தேடினார். அப்போது மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் இருக்குங்க. கணக்கியல் படிச்ச கடன். சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க."

அந்தத் தாயார் முகட்டுத் தகரத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு இவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கல்யாணத்துக்கென்று இன்னொரு கடன் வாங்கக் கூடாது. அண்ணனே, உங்கள் பிரியாணி அங்கேதான் போயிற்று!

சிரியுங்கள். சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். கடன்பட்டுப் படித்த பிள்ளையா குற்றவாளி? பொய்ப் பலகை மாட்டியவன் தலை நிமிர்ந்து திரிகிறான். அதை நம்பியவள் ஏன் தலை குனிய வேண்டும்? எந்தப் படிப்பு, எந்த வேலை என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், 'மலையை விட்டு இறங்கினால் போதும்' என்று தள்ளிவிட்டவர்கள் நாமல்லவா? அவள் மறைக்க மறுத்தாள். மறைக்கச் சொன்ன நமக்குத்தான் வெட்கம் வேண்டும். அந்த வெட்கத்தில் முதல் பங்கு எனக்கு!

வந்த கால்களுக்கும் வாழ்த்தும் வாய்களுக்கும் நன்றி. மணமக்களே, வாழ்வு வளரட்டும், வங்கித் தவணை தேயட்டும்! வணக்கம்.