பத்து நிமிட அமைதி

பிள்ளைங்க வரைஞ்ச படமெல்லாம் சுவர்ல இருக்கு, கதிரைய அதுல உரசாம போட்டு உக்காருங்க ஐயா. திடீர் மரண விசாரணைக்கு வந்த உங்களுக்கு அவசரம் இருக்கும். இருந்தாலும் முதல்ல இருந்து ஒழுங்கா சொல்றேன்.

இந்த முன்னறையிலதான் நர்சரி நடத்துறேன். பதினெட்டுப் பிள்ளைங்க. கட்டுகஸ்தோட்டையில துஷ்யந்தி டீச்சர்கிட்ட விட்டா பிள்ள அழாதுன்னு தாய்மாரே சொல்லுவாங்க. அதுல மந்திரம் மாயம் ஒண்ணுமில்ல. கண்டி டவுன்ல ஞாயித்துக்கிழமைகள்ல ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன், அங்க படிச்சது. பிள்ள அழுதா கிட்டப் போகக் கூடாது. போனா, அழுதா டீச்சர் வருவாங்கன்னு அது படிச்சுக்கும். அடங்கி பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கிட்டப் போகணும். மடியில வச்சு, கையில சிவப்புப் பேனையால ஒரு நட்சத்திரம் போட்டு விடணும். நான் ஒரு பிள்ளைய அடிச்சது கிடையாது ஐயா.

என் வீட்டுக்காரர் கஜேந்திரன் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவரு. "புசல்லாவ, புசல்லாவ"ன்னு பஸ் போற ஊரச் சொல்லி அவர் ஒரு சத்தம் போட்டா, பிளேன்டீ குடிச்சுக்கிட்டிருக்கிற டிரைவர் கோப்பைய வச்சிட்டு ஓடி வருவாரு. அந்தத் தொண்டையக் கேட்டுத்தான் நான் கழுத்த நீட்டினேன்னு எங்க வீட்டுல கேலி பண்ணுவாங்க. பொங்கல் முடிஞ்ச கையோட பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருச்சு. பேச்சு குழறும். "துஷி"ங்கிறது மட்டும் தெளிவா வரும்.

ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ கூப்பிடுவாரு. தண்ணி கேப்பாரு, கொண்டுபோனா வேணாம்பாரு. ஜன்னலத் திறக்கச் சொல்லி, திறந்ததும் மூடச் சொல்லுவாரு. சில நேரம் ஒண்ணுமே கேக்காம என் முகத்தப் பாத்து அழுவாரு. இங்க பிள்ளைங்க மிரளும். ரெண்டு தாய்மார் பிள்ளைய நிப்பாட்டிட்டாங்க. நர்சரிய மூடினா எங்க ரெண்டு பேருக்கும் வேற போக்கு இல்ல. நான் என்ன கல்லா ஐயா, சமையலறையில நின்னு நானும் அழுதேன்.

அதனாலதான் அவரையும் பழக்கினேன். கூப்பிட்டா போகமாட்டேன். பத்து நிமிஷம் சத்தமில்லாம இருந்தா போவேன், பக்கத்துல உக்காந்து தலை வாரி விடுவேன், கையப் பிடிச்சுக்குவேன். அவர் இடது கையில சிவப்பா இருக்கிறது என்னன்னு கேட்டீங்களே, அது நட்சத்திரம்தான். முதல்ல மத்தக் கையால எச்சில் தொட்டு அழிச்சாரு. போகப் போக அழிக்கிறத விட்டுட்டாரு. கடைசியில நான் பேனையோட வந்தா, அசையாத கைய அவரே மத்தக் கையால தூக்கி என் மடியில வைப்பாரு.

பயிற்சியில ஒண்ணு அடிச்சுச் சொல்லியிருந்தாங்க. போறத நிப்பாட்டினா சத்தம் முதல்ல கூடத்தான் செய்யும், அந்த நேரம் பாவம் பாத்துப் போயிட்டா எல்லாம் பாழ்னு. முதல் கிழம ஏழு நாளும் அப்படியேதான் நடந்திச்சு. பக்கத்து வீட்டு றம்லத் மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, "டீச்சர், ஒங்கட மாப்புள இந்தக் கத்து கத்துறாரே, கேக்கல்லயா?"ன்னு கேட்டா.

"பழகிக்கிட்டிருக்காரு, றம்லத்"னேன்.

"அல்லாவே, பெரிய மனுசன் ஒராள இப்பிடியா பழக்குற?"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

மூணு மாசத்துல வீடு அடங்கிருச்சு. நின்ன பிள்ளைங்களும் திரும்பி வந்திச்சு. இடுப்புல கட்டியிருக்கிற சாரம் மூத்திரத்துல நனைஞ்சாக்கூட அவர் கூப்பிடாம கிடப்பாரு. தங்கமான மனுசன் ஐயா, எதையும் சீக்கிரம் புரிஞ்சுக்குவாரு.

செவ்வாக்கிழம பத்தரை மணி இருக்கும். பிள்ளைங்க நிறம் தீட்டிக்கிட்டிருந்திச்சு. உள்ளருந்து "துஷி"ன்னு கேட்டுச்சு. எத்தனையோ நாளைக்குப் பிறகு. நான் எழும்பல. ரெண்டாவது தடவ பஸ் ஸ்டாண்டுல கூப்பிடுவாரே, அந்தச் சத்தம். பழைய குணம் திரும்புது, இப்ப போனா மூணு மாசப் பாடு வீண்னு நினைச்சேன். நாலு வயசு ஸுமைரா எழும்பி, "டீச்சர், அங்கிள் கூப்பிடுறாரு"ன்னா. வாயில விரல வச்சுக் காட்டினேன், உக்காந்துட்டா. மத்தப் பிள்ளைங்க தலை நிமிரவே இல்ல. மூணாவது தடவ என்னவோ விழுந்த சத்தமும், என் பேருல பாதியும் வந்திச்சு.

பிறகு ஒரு சத்தமும் இல்ல. மணிக்கூட்டப் பாத்துக்கிட்டிருந்து, பத்து நிமிஷம் முழுசா ஆனதும் போனேன். நெஞ்சப் பிடிச்சபடி நிலத்துல கிடந்தாரு. உக்காந்து தலை வாரி விட்டேன், கையப் பிடிச்சுக்கிட்டேன். அவர் அமைதியாத்தானே இருந்தாரு. ஆஸ்பத்திரியில டொக்டர், "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு, என் முகத்தப் பாத்துட்டு நிப்பாட்டிட்டாரு.

பிள்ளைங்க சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு பொலிஸ்ல சொல்லியிருக்கேன். அது பொய் ஐயா, மாத்தி எழுதிக்குங்க. மூணு தடவையும் கேட்டுச்சு. நான் போயிருந்தா, அவர் திரும்பவும் கூப்பிடப் பழகியிருப்பாரு.