பீங்கான் இடுப்பும் ஆறாவது கதிரையும்

வரவேற்புரைக்கே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டு, எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கும் தாராள மனத்துத் தலைவர் அவர்களே! மார்க்கம் காத்து எங்களையும் காக்கும் உலமாக்களே! கரைத்தீவின் பெரியோர்களே! உப்பளத்து உழைப்பாளிகளே! திரைக்கு அப்பால் இருந்து என் பேச்சில் பிழை பிடிக்கக் காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் நௌஃபர் என்னும் இச்சிறியவனின் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்!

எனக்குத் தந்த தலைப்பு, 'மருத்துவத்தில் பீங்கான்'. பீங்கான் என்றதும் அங்கே சிலர் சாப்பாட்டு நேரமென்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். பொறுங்கள்! நான் சொல்வது சோறு போடும் பீங்கான் அல்ல. தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வைக்கும் பீங்கான் பந்து. அது உருள ஒரு கிண்ணம், அதைத் தாங்க ஓர் உலோகத் தண்டு. அந்தத் தண்டின் மேல், எலும்பில் இருக்கும் அதே சுண்ணச் சத்தைப் பூசித் தொடைக்குள் இறக்குகிறார்கள். எலும்பு என்ன செய்கிறது? அந்நியன் என்று தள்ளுகிறதா? அடித்து விரட்டுகிறதா? இல்லை ஐயா, இல்லை! அந்தப் பூச்சின் மேலே வளர்ந்து, பற்றிப் பிடித்து, தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்த எங்களை இந்த மண் சேர்த்துக்கொண்டதே, அதேபோல!

ஊருக்கே அண்ணனான நம் பதியுதீன் நானாவின் இடுப்பிலும் அப்படியொரு பந்து இருக்கிறது. நாற்பது வருடம் குனிந்து உப்பு வாரிய இடுப்பு அது. ஒப்பரேஷனுக்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"டொக்டர், எங்கட ஊட்ல மாசம் நாலு பீங்கான் ஒடையுது. இது எத்தன நாளைக்கு?"

"லேசில ஒடையாது. நிலத்தில மட்டும் உட்கார வேணாம். பந்து கிண்ணத்த விட்டு நழுவிரும்."

நானா கேட்டாரா? கேட்டார்! கேட்காதவர்கள் யார்? நாங்கள்! ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராகச் சம்மணமிட்டு, முப்பது வருடமாக ஒன்றாகச் சாப்பிடும் கூட்டாளிகள்! ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீடு. நாங்கள் நிலத்தில் அமர, அவர் சுவரோரம் கதிரையில் இருந்தார். நான் சும்மா இருந்தேனா?

"என்ன நானா, மாப்பிள்ள மாதிரி கதிரையில? இறங்குங்க, சஹனுக்கு ஒராள் குறையிது!"

எல்லோரும் சிரித்தோம். மனிதர் வெட்கப்பட்டு இறங்கினார். புரியாணியில் கைவைக்கும் முன்னே பந்து நழுவிவிட்டது.

பீங்கான் உடைந்ததா? இல்லை. கிண்ணம் உடைந்ததா? இல்லை. மனிதரின் மனம் உடைந்தது. நழுவிய மூட்டை டொக்டர்மார் திரும்பப் பொருத்திவிட்டார்கள். நானாவோ அதன்பின் எந்த விருந்துக்கும் வரவில்லை. வருகிற ஞாயிறு அவர் மகள் நஸ்ஹாவுக்கு நிக்காஹ். "நிக்காஹ் முடிஞ்ச கையோட ஊட்டுக்குப் போயிருவன். எல்லாரும் பார்க்க ஒத்தையா கதிரையில குந்தித் தின்ன எனக்கு ஏலா" என்கிறாராம். மகள் அழுகிறாள். அவர் மனைவி ஜுனைதா ராத்தா இதைச் சொன்னபோது நானும் அழுதேன். பின்னால் என்ன சிரிப்பு? ஓம், நௌஃபரும் அழுவான்! பிழை என்னுடையது. நானா, சபை நடுவே கேட்கிறேன், என்னை மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! உயிரில்லாத ஒன்றை உடம்பு ஏற்கும்போது, ஒரு கதிரையை இந்த ஊர் ஏற்காதா? ஞாயிறு எங்கள் சஹன் மேசைக்கு ஏறுகிறது! சுற்றி ஆறு கதிரை! அதே தட்டு, அதே ஆறு கை! ஐந்து கதிரைக்கு ஆள் இருக்கிறது. எங்கள் சஹன் கூட்டாளி ஹுனைஸின் நோகும் முழங்கால் இப்போதே எனக்கு நன்றி சொல்கிறது. ஆறாவது கதிரைக்கு யார்?

அதோ, கதவோரம் ஊன்றுகோலைப் பிடித்து எழும்புகிறார் பதியுதீன் நானா. கொஞ்சம் அமைதி!

"வாறன்டா. இந்தமுற கோழிக்கால் எனக்கு!"

கேட்டீர்களா? முப்பது வருடமாக நான் பறித்துத் தின்ற கோழிக்கால்! சம்மதம் நானா, இரண்டு காலும் உங்களுக்கே! பொறுமையாய்க் கேட்ட சபைக்கும், மணியைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்க மறந்த தலைவருக்கும் என் நன்றி. ஞாயிறு மேசையில் சந்திப்போம். வஸ்ஸலாம்!