கைக்கெட்டும் தூரம்

இரவு ஒரு மணி இருக்கும். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் வெளிச்சமில்லை. ஸ்கூட்டரில் ஒருத்தன் தனியாக வருகிறான்...

பொறுங்கள். முதலில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் யாராவது கத்தினால் கதை அதோடு சரி. இது எனக்கு நடந்ததல்ல. அதோ, வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இடது கையால் கடலை கொறிக்கிறாரே என் மச்சான், அவருடைய சிநேகிதனுக்கு நடந்தது. மச்சானைச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டார். அதனால் நான்.

அந்த சிநேகிதனுக்குப் பட்டப்பெயர் டார்ச். நெற்றியில் எந்நேரமும் ஒரு விளக்கு கட்டியிருப்பான். கல்யாண போட்டோவில்கூட அது இருக்கிறது என்று மச்சான் முன்பெல்லாம் கேலி செய்வார். அவனும் இன்னொருத்தனும் சேர்ந்து மாடியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். அந்த இன்னொருத்தன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். அவன் பெயரே கண்ணாடி ஆகிவிட்டது.

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால் உள்ளங்கையில் அடங்குகிற கம்ப்யூட்டர்கள் இருந்தன, நினைவிருக்கிறதா? சிலதில் குச்சியால் தொட்டு எழுத வேண்டும். சிலதைத் திறந்தால் குட்டி கீபோர்டு இருக்கும். இன்றைக்கும் அதை விட மனசில்லாதவர்கள் உண்டு. இன்டர்நெட் தொல்லை இல்லாமல் உட்கார்ந்து எழுத நினைப்பவர்கள், கிடங்கில் சரக்குக் கணக்கு எடுப்பவர்கள்... இவர்கள் கொண்டுவருகிற பழைய மெஷினுக்குள் புது லித்தியம் பேட்டரி வைத்து, இன்றைய போன் சார்ஜரே சேரும்படி சாக்கெட் மாற்றி, புது மெமரி கார்டு போட்டு, ஓடவிட்டுக் கொடுப்பதுதான் அந்தக் கடையின் வேலை.

அந்த மெஷின்களில் ஒரு வித்தை உண்டு. இரண்டை நேருக்கு நேர் பிடித்தால், ஒன்றில் இருக்கும் பெயரும் நம்பரும் எழுதிய அட்டை மற்றதற்குத் தாவும். அகச்சிவப்பு வெளிச்சம். நம் கண்ணுக்குத் தெரியாது. மட்டமான போன் கேமரா வழியாகப் பார்த்தால் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மினுங்கும். அது வேலை செய்கிறதா என்று பார்க்கவே கடையில் ஒரு ஓட்டைப் போன் வைத்திருந்தார்கள். இன்னொன்று... இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் தாவாது.

இதை மறந்துவிடாதீர்கள்.

கண்ணாடிக்கென்று சொந்தமாக ஒரு மெஷின் உண்டு. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். காலையில் அவனை எழுப்புகிற அலாரமும் அதுதான். அதற்கு பேட்டரி போய்விட்டது. அந்த அளவில் நல்ல பேட்டரி கடையில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் வேறொருவருக்குச் சொல்லி வைத்தது. டார்ச் என்ன செய்தான் தெரியுமா? உப்பிப்போன பேட்டரிகளை சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு மணல் வாளியில் போட்டு வைப்பார்கள். அதிலிருந்து ஒன்றை எடுத்தான். தின்னர் தொட்டுக் குறியைத் துடைத்தான். பாதுகாப்புக்கு இருந்த சின்ன போர்டு உள்ளே அடங்கவில்லை என்று அதையும் வெட்டி எறிந்தான். கட்டைவிரலால் அமுக்கி மூடியைப் போட்டான். நம்ம ஆள்தானே, அடுத்த வாரம் மாற்றிவிடலாம்.

மாற்றவில்லை. மறந்தே போனான்.

விடிகாலையில் தலையணை பற்றிக்கொண்டது. கண்ணாடி எழுந்திருக்கவே இல்லை. அப்பாவை எழுப்ப ஓடிய பெண் குழந்தைக்குக் கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணாடியின் மனைவி டார்ச்சைப் பிடித்து உலுக்கி, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டாள். இவன் கண்ணீரோடு சொன்னான்.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். கேக்கல. பழைய பேட்டரியை அவனே எடுத்துப் போட்டுக்கிட்டான்."

பாவி. செத்தவன் தலையிலேயே தூக்கிப் போட்டுவிட்டான். அன்றிலிருந்து அவள் புருஷனின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். பிள்ளை கையைப் பாழாக்கிவிட்டுப் போன மனுஷன் என்று அவன் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. அந்தக் குழந்தைக்கும் அப்பா என்றால் கோபம்.

இப்போது அந்தப் புறவழிச் சாலைக்கு வருவோம்.

கூட்டாளி இல்லாததால் இரண்டு பேர் வேலையை ஒருத்தனாகப் பார்த்துவிட்டு டார்ச் வீடு திரும்புகிறான். தோள் பையில் காலையில் டெலிவரி செய்ய வேண்டிய ஒரு மெஷின். கூடவே அந்த ஓட்டைப் போன். பாலம் தாண்டியதும் பைக்குள் சத்தம்.

டிடிங்.

வண்டியை ஓரங்கட்டினான். மெஷினை வெளியே எடுத்தான். பச்சை வெளிச்சத்தில் ஒரு பெட்டி. 'கண்ணாடி ஒரு அட்டை அனுப்புகிறார். வாங்கவா?' கீழே ஆம், இல்லை.

ஏதோ பழைய குப்பை மெமரியில் கிடந்திருக்கும் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெமரியில் கிடப்பது இப்படிக் கேட்காது. எதிரே ஒருத்தர் நின்று அனுப்பினால்தான் கேட்கும்.

எதிரே ரோடு. இருட்டு. ஒரு நாய்கூட இல்லை.

ஓட்டைப் போனை எடுத்தான். கேமராவைத் திறந்து நேரே பிடித்தான். ஸ்கிரீனில் இருட்டு... இருட்டு... நடுவில் ஊதாப் புள்ளி. நெஞ்சு உயரத்தில். மெஷினைக் கையில் பிடித்தபடி ஒரு ஆள் நின்றால் எந்த உயரத்தில் இருக்குமோ, சரியாக அங்கே.

போனை இறக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை. தூக்கிப் பார்த்தான். புள்ளி பெரிதாகியிருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை. அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு நெடி. பேட்டரி உப்பிக் கசியும்போது வருமே, அது. அந்தத் தொழில் தெரிந்தவனுக்கு அதைவிட பயங்கரமான வாசனை கிடையாது.

'இல்லை' என்பதைக் குத்தினான். புள்ளி அணைந்தது. வண்டியை எப்படி ஓட்டி வீடு சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

விடிந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியின் வீட்டுக்குப் போனான். சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். குழந்தைதான் கதவைத் திறந்தது. அந்தக் கையால் திறந்தது. அதைப் பார்த்ததும் இவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளேயிருந்து அவள் வந்தாள். "வாங்கண்ணே. உங்களைத்தான் நெனச்சேன். நேத்து ராத்திரி அவரு கனவுல வந்தாரு. அண்ணன் காலைல வந்து ஒரு விஷயம் சொல்வாரு, கேட்டுக்கோன்னாரு. என்னண்ணே அது?"

இதைவிட ஒரு வழி யாருக்காவது திறந்து கிடைக்குமா? ஒரே ஒரு வார்த்தை. அவள் அழுதிருப்பாள், அடித்திருப்பாள், அத்தோடு போயிருக்கும். இவன் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லம்மா... அவன் அன்னிக்கு என் பேச்சைக் கேட்டிருக்கலாம். அதான் மனசு ஆறல."

அவள் முகம் இறுகியது. "அந்தப் பேச்சை விடுங்கண்ணே," என்று உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து நேராக என் மச்சானின் பட்டறைக்கு வந்தான். மச்சான் போன் ரிப்பேர் பார்க்கிறவர். ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, இவரிடம் வந்து அழுதான். மச்சான் சொன்னார், "எங்கிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு." தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி மனைவியும் பையனும் உள்ளறையில் படுத்தார்கள். இவனுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஹாலில் படுத்தான். டெலிவரி கொடுக்காமல் விட்டிருந்த அந்த மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி, மெஷின் ஒரு மூலையில், பேட்டரி ஒரு மூலையில் என்று வைத்திருந்தான். தன் போனைத் தலைமாட்டில் வைத்திருந்தான். சார்ஜ்கூடப் போடவில்லை, பயம்.

அவன் மனைவிக்கு நடு ராத்திரியில் அரைத்தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

டிடிங்.

அப்புறம் அவன் குரல். "இல்ல... இல்லடா..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிடிங். அவன் அழுகிற குரலில், "நாளைக்குச் சொல்லிடறேன்டா. சத்தியமா நாளைக்கு." அவள் கனவு என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

காலையில் ஹால் கதவைத் திறந்தால்... தலையணையும் அவனும் கரி. வேறு எதிலும் தீ படவில்லை. பாய் ஓரம்கூடக் கருகவில்லை. உள்ளறைக்குப் புகை வாசனையே வரவில்லை. வந்ததெல்லாம் அந்த இனிப்பு நெடிதான்.

எரிந்த போனை, எப்படிப் பற்றியது பார் என்று என் மச்சானிடம்தான் கொண்டுவந்து கொடுத்தார்கள். பட்டறையில் உட்கார்ந்து நெம்பித் திறந்தார். ஸ்கிரீன் உருகிப்போயிருந்தது. போர்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேட்டரி மட்டும் புத்தம் புதுசு மாதிரி இருந்தது. அது போன் பேட்டரியே இல்லை. அந்தப் பழைய மெஷினுக்குப் போடுகிற தடித்த பேட்டரி. உப்பியது. அந்த மெல்லிசான போனுக்குள் அது எப்படி அடங்கியது என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதன் மேல் சிவப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி. அத்தனை தீயில் இருந்த பேட்டரியில் மை காயவில்லை. தொட்டவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

மச்சான், கையை வெளியே எடுங்களேன். ஒரு தடவை காட்டுங்கள், என்ன ஆகிவிடப் போகிறது.

பார்த்தீர்களா? ஆள்காட்டி விரல். சோப்பு, தின்னர், பெட்ரோல், ஒன்று விடாமல் போட்டுத் தேய்த்தாகிவிட்டது. தொட்டுப் பாருங்கள், இன்னும் ஈரம். ஏய், தொடாதே, சும்மா சொன்னேன்.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும் மச்சான், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து விட்டுவிட்டேன். டார்ச் போய்ச் சேர்ந்துவிட்டான். நடந்ததை அவன் வாயாலேயே கேட்ட ஆள் இனி நீங்கள் ஒருத்தர்தான். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா, இல்லையா?

மச்சான் விரலை வேட்டியில் துடைத்தார். துணியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்குச் சொல்லிடறேன்."