கேட்டுல நின்ன கிளாக்கர்

ஆமா மிஸ், அந்த அமெரிக்கா எழுத்தாளர், ப்ரூக்மன் துரை, அவருக்குத் தோட்டத்து ஆளுக பேச்ச இங்கிலீசுல மாத்திக் குடுத்த றெஜினோல்ட் மாஸ்டர் நான்தான். புத்தகத்துல எம் பேரு இல்லையே, எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க? ஒரு உள்ளூர் உதவியாளர்னு போட்டிருக்காரு. எம் பேருக்கு எடம் பத்தல போல.

பெரிய ஆளுதான். ஒம்போது நாவல், அஞ்சு சரித்திரம். எந்த நாட்டுல ஆளுக செத்தாலும் ஒரு புத்தகம் போட்டுருவாரு. இங்க ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்துல பதினாறு நாள் இருந்தாரு. அதுல ஆறு நாள் வயித்தால போய்ப் படுத்துட்டாரு. மிச்சப் பத்து நாள்ல எங்க இருநூறு வருசத்தையும் முடிச்சிட்டாரு! பங்களா ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, தேயிலையப் பச்சைக் கடல்னு எழுதுனாரு. எறங்கி நடந்திருந்தா கால்ல ஏறுற அட்டை சொல்லியிருக்கும், கடலா இல்லையான்னு.

சிரிக்காதீங்க மிஸ். நீங்க அந்தப் புத்தகத்தத் தமிழ்ல கொண்டுவாறது நல்ல விசயந்தான். ஆனா அந்த ஸ்ட்ரைக் அத்தியாயம்...

என்னது, பேச்சியம்மா சொன்னத ஒழுங்கா எழுதியிருக்காரான்னா கேக்குறீங்க? நான் சொன்னத ஒரு எழுத்துப் பிசகாம எழுதியிருக்காரு. அதுல மட்டும் மனுசன் சுத்தம்.

அந்த ஸ்ட்ரைக்குல பொலிஸ் சுட்டதுல அவ புருசன் செத்துப் போனாரு, தெரியும்தானே. அத துரைகிட்ட சொல்றப்ப, தோட்டத்து ஆபீசுல கணக்கெழுதுற அந்தக் கிளாக்கர் கபிரியேல்தான் தேயிலை ஸ்டோர் கேட்டத் தொறந்து பொலிச உள்ள விட்டான், அவன் வெளங்குவானான்னு மண்ண வாரித் தூத்துனா. துரை பேனாவோட எம் மூஞ்சியப் பாக்குறாரு. நான் இங்கிலீசுல சொன்னேன், கிளாக்கர் கபிரியேல் கேட்ட மறிச்சு நின்னாரு, எத்தன அடி விழுந்தும் அசையலன்னு.

துரைக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அதப் பாத்துட்டு பேச்சியம்மா, வெள்ளக்காரனே நமக்காக அழுவுறான் மாஸ்டர், நீங்க நல்லா இருக்கணும்னு எங் கையப் புடிச்சுக்கிட்டா.

அவ இன்னும் இருக்கா மிஸ். கண்ணுதான் தெரியல. மக தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல டீச்சர். உங்க புத்தகம் வந்தா மொத வேலையா அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்.

இல்ல, அந்த எடத்த வெட்ட வேணாம். அவ சொன்னதப் போடுங்க. கபிரியேல்னு பேரோடயே போடுங்க. கீழ, இங்கிலீசுல பொய் சொன்னது இந்த றெஜினோல்ட்னும் போட்டுருங்க.

ஏன் சொன்னேனா? பொலிஸ் சுட்ட அன்னைக்கு நான் நாவலப்பிட்டியில போர்டிங்ல படிச்சுக்கிட்டிருந்தேன். நான் யாருன்னு பேச்சியம்மாவுக்குத் தெரியாது.

கபிரியேல் எங்கப்பா, மிஸ்.