பிராண்டேயில் காற்று திரும்பிய நாள்

— யசிந்தா, பெட்டியை மூடு. டெனிஷ் பொலிஸ்காரன் என்ன சொல்லிப்போட்டுப் போனவன்? அபாயச் சங்கு ஊதினா அஞ்சு நிமிசத்தில வெளிக்கிட வேணும்.

— மூடுறன். நீங்கள் ஜன்னல் எல்லாம் பூட்டினீங்களே?

— பூட்டியாச்சு. கதவுக்குக் கீழ ஈரத் துவாயும் வச்சிட்டன். கேட்டியே, கிறிஸ்மஸ் மரக் காடு முழுக்க எரியுது. புகை றோட்டுக்கு வந்திட்டுது. அஞ்சு கிழமையா ஒரு சொட்டு மழை இல்லை.

— பக்கத்து வீட்டு றொபேர்ட் தம்பியை இன்னும் காணேல்லை.

— நெருப்பு எங்க நிக்குதெண்டு பாத்திட்டு வாறனெண்டு காரில போனவன். வருவான். ஞானஸ்நானப் பத்திரம் வச்சனியே?

— ஓம்.

— உன்ர செபப் புத்தகத்தையும் தா.

— அது என்ர கையில இருக்கட்டும்.

— தா எண்டுறன்... இதென்ன உள்ளுக்க? இது நாங்கள் இந்த நாட்டில இருக்கிறதுக்கான விசாக் கடிதமெல்லே! ஒண்டரை வருசமா இதுக்குத்தானே காத்திருக்கிறம். உடைக்கவும் இல்லை! எப்ப வந்தது?

— போன செவ்வாய்க்கிழமை. இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. எங்களை மாதிரி விசா கேட்ட நவரத்தினத்தாருக்கு வந்த கடிதமும் இப்பிடித்தான் மெல்லிசா இருந்தது. அவருக்கு இல்லையெண்டெல்லே எழுதியிருந்தவை.

— அதுக்கு ஒளிச்சு வைக்கிறதே?

— உடைக்காத வரைக்கும் இஞ்ச இருக்கலாம் எண்டு நினைச்சன்.

— விசரி! இல்லையெண்டு எழுதியிருந்தா, திருப்பிக் கேக்கிறதுக்கும் நாள் கணக்கு இருக்கெல்லே! கேட்டியே... சரி, அழாதை. நானெண்டாலும் உடைக்கப் பயந்துதான் இருப்பன்.

— கார்ச் சத்தம் கேக்குது. தம்பிதான்.

— அண்ணை! யசிந்தா அக்கா! காத்து திரும்பீட்டுது! நெருப்பு ஆத்தங்கரையோட நிண்டிட்டுது!

— மாதாவே! மெய்யாத்தானோ தம்பி?

— என்ர முகத்தைப் பாருங்கோ அக்கா. நெருப்பு அணைக்கிறவன் சந்தோசத்தில கட்டிப்பிடிச்சுக் கரி பூசிப்போட்டான். இனிப் பிரச்சினை இல்லை. ஒருத்தரும் வெளிக்கிடத் தேவையில்லையாம். ஒரு பிளேன்ரீ போடுங்கோ. ஏன் அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?

— றொபேர்ட், உனக்கு டெனிஷ் வாசிக்கத் தெரியும். இதை உடை.

— குடுக்காதேங்கோ! தம்பி முதல்ல தேத்தண்ணியைக் குடிக்கட்டும்.

— இல்லை யசிந்தா. வீடு தப்பீட்டுது, நாங்களும் தப்பீட்டம். இண்டைக்கு இதையும் தாங்குவம். வாசி தம்பி.

— பொறுங்கோ... உங்கள் ரெண்டு பேரின்ர பேரும் இருக்கு... ம்...

— என்னடாப்பா, திரும்பவும் மேல இருந்து வாசிக்கிறாய்?

— பிழை விடக்கூடாதெண்டு திருப்பி வாசிச்சனான் அண்ணை.

— இல்லையெண்டு கிடந்தா நேராச் சொல்லு தம்பி. நான் தாங்குவன்.

— இருக்கலாமாம் அக்கா. இனி இந்த நாட்டை விட்டுப் போங்கோ எண்டு உங்களை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.