கோல்கீப்பரின் அம்மா

— கிளவுஸ எடுக்காதம்மா. இன்னிக்குச் சாமிகிட்ட வைக்க வேணாம்.

— ஏன்டா கணேசு? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்தக் கோயில்ல முனியாண்டி காலடியில வச்சு எடுத்துத்தானே மாட்டுவ? இன்னிக்கு ஃபைனல் லா. இன்னிக்குப் போயி வேணாங்கற.

— ஒருநாள் வைக்காட்டி என்னம்மா. நீயும் திடலுக்கு வராத.

— நல்லா இருக்குடா நீ பேசுறது. பந்தே கதின்னு கெடந்த உங்கப்பா போனப்புறம் பந்துன்னாலே எனக்கு எரிச்சல். திடல்ல விசில் ஊதுனா ஜன்னலச் சாத்திக்குவேன். போன வருசம் நீ கோல் நிக்கிறியேன்னு சும்மா எட்டிப் பாக்க வந்தேன். அந்தப் பெனால்டிய நீ பாஞ்சு புடிச்ச பாரு, அறுபது வயசுக்காரி, சிலிப்பரக் கழட்டி மேல வீசிட்டேன். ஒத்தச் சிலிப்பர் இன்னும் கெடைக்கல. அன்னியிலேருந்து சனிக்கிழமை எப்ப வரும்னுதான் பொழுது போகுது. என்னைய வராதங்கற.

— தெரியும்மா. தெரிஞ்சுதான் சொல்றேன்.

— அடிதடி வருமா? எதிர் டீமு, அந்தச் சி ரூசா பசங்க கலாட்டா பண்ணுவானுங்களா?

— அதெல்லாம் இல்ல. நீ லிங்கிக்கு, அத்தை வீட்டுக்குப் போ. நானே மோட்டார் சைக்கிள்ல கொண்டு விடுறேன்.

— ஃபைனல் அன்னிக்குக் கோல்கீப்பர் அம்மாவ லிங்கியில கொண்டு விடுவானாம். என் மூஞ்சியப் பாத்துப் பேசு.

— பாத்துத்தான் பேசுறேன்.

— இல்ல, நீ நம்ம எஸ்டேட் லயத்துப் பக்கம் வீடு இடிக்க நிக்கிற மெஷினப் பாக்குற. பக்கத்து வீட்டையெல்லாம் ஒடைச்சாச்சு, நம்ம வீடு ஒண்ணுதான் பாக்கி. அது எப்பன்னு திருநாவுக்கரசு சொன்னாரா?

— திங்கக்கிழமை.

— லயத்த ஒடைக்கிற கொன்ட்ரெக்டர். சி ரூசா டீமும் அவருதுதான். அவருக்கு உங்கிட்ட என்னடா பேச்சு?

— அவருக்குக் கப்பு வேணுமாம். ஊரு முன்னால திரும்பத் திரும்ப நம்மகிட்டத் தோக்குறது அவருக்கு ஆகல.

— அதுக்கு?

— ரெண்டு பந்த விட்டுடுன்னாரு. விட்டா, நம்ம வீட்டத் தொட மாட்டாராம். நீ இருக்கிற வரைக்கும் இருக்கலாமாம்.

— நீ என்ன சொன்ன?

— சரின்னுட்டேன்மா. வேற என்ன சொல்லச் சொல்ற? அந்த வீட்டுலதான பொறந்த நீ. அத விட்டு எங்க போவ?

— அதான் முனியாண்டிகிட்டக் கிளவுஸ வைக்கப் பயப்படுற.

— உங்கிட்டயும் பயந்தான். கோலுக்குப் பின்னால நீ உக்காந்து, புடிடா கணேசுன்னு கத்துவ. அதக் காதுல வாங்கிக்கிட்டு நான் எப்படிம்மா பந்த விடுறது?

— கிளவுஸக் குடு.

— வேணாம்மா. அந்த ஆளு சொன்னதச் செய்வான். நான் புடிச்சேன்னா, திங்கக்கிழமை ராத்திரி நீ எங்க படுப்ப?

— காலையில அவன் வீட்டுக்கு வந்தான்டா. உன் மகன் ஒத்துக்கிட்டான், நீ கவலைப்படாத ராக்கம்மான்னு சிரிச்சான். உன் வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் கேட்டேன். வீட்டுச் சாவிய அவன் கையிலயே குடுத்துட்டுத்தான் வந்துருக்கேன். நீ போயி பந்தப் புடி.